காய்ச்சல் என்று சொல்லிவைத்த வழக்கு

1. தந்தை

கதவைச் சாத்திய பிறகே நாச்சிமுத்து பேசத் தொடங்கினார். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு உதிரிபாகங்கள் கடையும் பட்டறை வைத்திருப்பவர் அவர். முன்பு அவருடைய பாகப்பிரிவினை வழக்கை நான் நடத்தியபோது பங்காளிகள் புடைசூழ வந்தவர், இம்முறை ஒருவராய் வந்திருந்தார். (பதினெட்டு அகவை நிறையாதவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் இடந்தருவதில்லை, ஆகவே இங்குள்ள பெயர்களையும் ஊரையும் மாற்றியே எழுதுகிறேன்.)

"பையனைப் புடிச்சுப்போட்டாங்க, ஐயா. வேப்புன்னு சொல்றாங்க. பேனாவாட்டம் இருக்குது. பேனான்னே நெனச்சு நானே ஒருக்கா எடுத்து அவன் மேசையில வெச்சிருக்கறனுங்க."

அவருடைய ஒரே மகன் கவின் பதினோராம் வகுப்பு மாணவன். தனிப்பயிற்சி நிலையத்தின் வாயிலில் காவலர் சோதித்தபோது அவனிடம் ஒரு மின்புகைக் கருவி அகப்பட்டது. உள்ளிருப்பது கஞ்சா எண்ணெயோ என்று ஐயுற்று அதனை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தனர். நிலையத்தில் கையொப்பமிட்டு மகனை அழைத்து வந்தவர் நாச்சிமுத்துதான்.

"ஜெயிலுங்களா?"

இல்லை என்று விளக்கினேன். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி அந்த அளவு மிகச் சிறிது, அகவையோ பதினாறு. எனவே முதல் தகவல் அறிக்கை இல்லை. நிலைய நாட்குறிப்பில் ஒரு பதிவும் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையும் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். குழுமம் பெற்றோரை வரவழைத்துக் கேட்கும். வீடு பொறுப்பானது என்று கண்டால் அறிவுரை கூறி, உளவள ஆலோசனைக்குப் பணித்து, மகனை அவர்களிடமே ஒப்படைக்கும். படிப்புக்குத் தடை நேராது.

"ஒண்ணே ஒண்ணுங்க. ஊட்டுல அவளுக்குத் தெரியக்கூடாது. போன வருசந்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சுது. காச்சல்னு சொல்லி வெச்சிருக்கறேன். பையங்கிட்டயும் சத்தியம் வாங்கிப்போட்டேன்."

"நன்னடத்தை அலுவலர் ஊட்டுக்கே வந்து விசாரிப்பாரப்பா. பெத்த தாய்க்கே தெரியாத ஊடுன்னு அவர் எழுதுனா, பையனை உங்களை நம்பி எப்படி அனுப்புவாங்க?"

"அன்னைக்கு அவளைச் சத்தியமங்கலத்துக்கு, அவ அண்ணன் ஊட்டுக்கு அனுப்பி வெச்சுக்கறனுங்க."

2. தாய்

அவ்வாரமே, பழைய வழக்கின்போது என்னை அறிந்திருந்த அவர் மனைவி சரசு, கணவர் வந்துபோனது தெரியாமல் வந்தார். வீட்டுக் காரில் வந்தால் ஓட்டுநர் சொல்லிவிடுவார் என்று நகரப் பேருந்தில் வந்திருந்தார்.

"பையன் நாலஞ்சு நாளாக் காச்சல்ங்கறான், ஐயா. தொட்டா ஒடம்பு ஜில்லுனு இருக்குது. எனக்குத் தெரியாதுங்களா? அவரு பட்டறைக்குப் போனதும் உக்கார வெச்சுக் கேட்டேன். எல்லாத்தையும் சொல்லிப்போட்டான். போலீசுல கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்தது யாருன்னேன். டியூசன் சார்ங்கறான்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட...?"

"ஐயோ, வேண்டாமுங்க! நாலு பேரு முன்னால தலை நிமுந்து நடக்கறதுதான் அவருக்கு உசுரு. தெரிஞ்சா பட்டறையைப் பூட்டிப்போட்டு உக்காந்துக்குவாரு. விசாரணைக்கு நானே கூட்டியாறனுங்க. பல்லு டாக்டருகிட்டப் போறோம்னு சொல்லிக்கறேன்."

கணவர் அமர்ந்த அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் வெளியிடுதல் வழக்கறிஞருக்கு ஆகாது. அவ்விதியை இளையோர் பலருக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். கணவரிடம் சொல்லிவிடுமாறு அவரிடமும் வேண்டினேன். மறுத்துவிட்டுப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். என் எழுத்தரும் புறப்பட்டுவிட்டார். கணவனுக்கும் மனைவிக்கும் முழுதாய்த் தெரியாத ஒன்றை அயலானான நான் அறிந்தவனாய் அமர்ந்திருந்தேன்.

3. மகன்

வழக்கில் என் கட்சிக்காரன் பெற்றோர் அல்லர், கவின்தான். அவனைத் தனியே பார்க்க வேண்டும் என்று நாச்சிமுத்துவிடம் கூறினேன். வாயிலில் இறக்கிவிட்டுப் போனார்.

"எப்படிக் கெடச்சுது, கண்ணு?"

"டியூசன்ல ஒரு அண்ணன் குடுத்தாரு, சார்."

"பிடிச்சிருந்துச்சா?"

"இல்லீங்க. ஆனா அங்க போய் நின்னா நாலு பேரு பேசுவாங்க."

"ஊட்டுல பேசமாட்டாங்களா?"

"பேசுவாங்களே. சாப்ட்டியான்னு கேப்பாங்க."

விசாரணைக்கு யாரை அழைத்து வருவாய் என்று கேட்டேன். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் தனியா வந்தா ஆகாதுங்களா, சார்? அப்பா வந்தா அம்மாவுக்குத் தெரிஞ்சு நெஞ்சு வலி வந்துரும். அம்மா வந்தா அப்பா பட்டறையைப் பூட்டிருவாரு. ரெண்டு பேரும் சொல்லாதேன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் மட்டும் இருக்கறப்ப ஒண்ணுமில்லீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கறப்பத்தான் இருமோணும். அம்மா கசாயம் கொண்டாருவாங்க. அப்பா நெத்தியத் தொட்டுப் பாத்து, இன்னும் சுடுதுன்னு சொல்லுவாரு."

சிரிப்பும் வந்தது, சிரிக்க முடியவில்லை. இல்லாத காய்ச்சலை மூவருமே அறிவர். ஒரே சாப்பாட்டு மேசையில் ஒருவர்க்கொருவர் தெரியாமல் அதனைக் காத்து வந்தனர்.

"நான் இதைச் சொல்லக்கூடாது, தம்பி. நீ சொல்லலாம். சொல்லறதானா நான் பக்கத்துல இருப்பேன்."

"திட்டுவாங்களா?"

"திட்டுவாங்க."

"செரிங்க சார்" என்றான்.

4. மூவர்

மகன் உங்களிடம் பேச விரும்புகிறான் என்பதற்கு மேல் எதுவும் கூறாமல் இருவரையும் தனித்தனியே அழைத்தேன். கவின் என் பக்கத்தில் அமர்ந்திருந்தான், நாச்சிமுத்து முன்னதாக வந்துவிட்டார். சரசு கதவைத் திறந்து அப்படியே நின்றார்.

"ஏனுங்க, நீங்க பட்டறையில இருக்கறதாத்தான சொன்னீங்க?"

"நீ உங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன்னியே!"

இருவரும் என்னை நோக்கினர். நான் கவினை நோக்கினேன். அவன் எழுந்து நின்றான்.

"அம்மா, போலீசுல கையெழுத்துப் போட்டது அப்பாதான். டியூசன் சார் இல்ல. அப்பா, அம்மாகிட்ட நான் அப்பவே சொல்லிட்டேன். காச்சல் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். இனி என்னால இரும முடியாது."

நாச்சிமுத்து பதறிப்போய் மனைவியைப் பார்த்தார். "சரசு, நெஞ்சு வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது. காச்சல் இல்லைன்னு தெரிஞ்சே, இன்னொரு டம்ளர் குடுன்னு என்னைக் கசாயம் காய்ச்ச உட்டீங்களே, மனுசனா நீங்க?"

"நீயும் தெரிஞ்சுதான காய்ச்சுன!"

பிறகு இருவருமாய்ச் சேர்ந்து மகனைத் திட்டத் தொடங்கினர். தாய் அவன் தோளில் ஓர் அடியும் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அவன் தலை குனியாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

ஆய்வக அறிக்கை அது கஞ்சா எண்ணெய்தான் என்று உறுதி செய்தது. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்குச் சென்றபோது மூவரும் உண்மையையே கூறினர். விசாரணையன்று பெற்றோர் இருவரும் மகனுக்கு இருபுறமும் நின்றனர். குழுமம் ஆறு மாத உளவள ஆலோசனைக்குப் பணித்து அவனை வீட்டுக்கு அனுப்பியது.

இளம் வழக்கறிஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. இத்தகைய வழக்கோடு ஒரு தந்தையோ தாயோ வரும்போது, சட்டப் பிரிவுகளைப் புரட்டுமுன், வீட்டில் வேறு யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாது என்பார்கள். அவர்கள் அறிந்தவரை அது மெய்யே. பின்னர் பிள்ளையைத் தனியே அழைத்து அதே கேள்வியைக் கேளுங்கள். யார் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதை அவன் ஒருவனே சுமந்துகொண்டிருப்பான்.