சித்தி தமிழ் எழுத வைத்த கம்ப்யூட்டர்

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, தன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்றைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு, சித்தி எங்கள் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தாள். சித்தப்பா வரவில்லை. எத்தனை நாள் இருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்தப் பழைய இயந்திரம் முழுவதும் கீபோர்டுக்குள்ளேயே அடக்கம். திரைக்கு எங்கள் டிவிதான். அம்மாவின் சீரியல் பறிபோயிற்று. சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியதை அதில் ஓட வைத்தே தீருவது என்று சித்திக்குப் பிடிவாதம். அதை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்ற, எங்கோ ஒருவர் இலவசமாகக் கொடுத்த கம்பைலர், வேறொருவர் எழுதிய அசெம்பிளர், எல்லாவற்றையும் இணைக்கும் லிங்கர் என்று அப்பாவின் புதுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக இறக்கிச் சேர்த்தாள். ஒன்று கொடுப்பதை மற்றது ஏற்காது; வேறு தேடுவாள். முடிவில் வந்ததை ஒலியாக்கி, கேசட்டில் பதிந்து, கேசட் ஒலியை மட்டுமே படிக்கத் தெரிந்த பழையதற்குப் போட்டுக் காட்டுவாள். அந்தக் கீச்சொலி கேட்டு, டேப் கெட்டுப்போயிற்றா என்று நாங்கள் காக்கு என்று அழைக்கும் பக்கத்து வீட்டு மராத்தி அத்தை விசாரித்தாள்.

"இதெல்லாம் ஏன் சித்தி சும்மா குடுக்குறாங்க?"

"யாருக்காவது வேணும்னா இருக்கட்டும்னுதான்."

அந்த இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. கட்டம் போட்ட தாளில் சித்தி எழுத்துகளை வரைவாள். நான் கட்டங்களைக் கறுப்பாக்குவேன். பள்ளியில் மராத்தியும் ஹிந்தியும் படித்த எனக்கு அவை வெறும் படங்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் கீச்சொலி நின்றதும், நான் கறுப்பாக்கிய படங்கள் டிவியில் உடையாமல் வந்து நின்றன. நான் கைதட்டினேன். சித்தி அம்மாவைக் கூப்பிட்டாள். மாவு ஒட்டிய கையோடு வந்த அம்மா திரையைப் படித்தாள். 'நான் திரும்பிப் போகல அக்கா' என்று இருந்தது என்பது, பல வருடம் கழித்துச் சித்தியே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இத வாயால சொல்லக் கூடாதாடி?" என்றாள் அம்மா.

"வரலக்கா."

அம்மா மாவுக் கையோடே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் ஓடியதற்கு இப்படியா அழுவார்கள் என்று நான் வேடிக்கை பார்த்தேன்.

சாயங்காலம் அம்மா என் அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்து, சித்தியின் புடவைகளை அடுக்கினாள். என் ஃபிராக்குகளை மட்டும் ஏன் கீழ்த்தட்டில் திணிக்கிறாள் என்று நான் தூங்கும்வரை சிணுங்கிக்கொண்டிருந்தேன்.