மருந்தடிக்காத பாதித் தோப்பு

ரூபினாவுக்குச் சிறு வயதிலிருந்தே பேச்சு திக்கும். மகள் பூச்சி ஆராய்ச்சிக்குப் போனபோது, கோட்டைமேட்டில் பாத்திரக் கடை வைத்திருந்த அத்தா முஸ்தபாவுக்கு நிம்மதி. பூச்சிகளிடம் பேச வேண்டியதில்லை அல்லவா.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவள் பல வருடங்கள் தென்னை வெள்ளை ஈயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் குட்டிக் குளவி ஒன்று உண்டு. மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான் என்று அவள் கண்டுபிடித்தாள். ஈயோ கொஞ்ச நாளில் திரும்பிவிடும்; அதன் கழிவில் பூஞ்சை படர்ந்து ஓலைகள் கருத்துப்போகும். இதைச் சொல்லத்தான் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் மேடையேறினாள். குளவியைக் குறிக்கும் 'ஒட்டுண்ணி' என்ற சொல்லிலேயே நாக்கு நின்றுவிட்டது. பின்வரிசைக்காரர்கள் டீ குடிக்க எழுந்து போனார்கள். முன்வரிசையிலிருந்த தோப்புக்காரர் பாலுசாமி மட்டும் கடைசிவரை கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, மருந்து அடிக்காம சும்மா இருங்கன்னு சொல்லவா இத்தனை தூரம் வந்தீங்க? தோப்பு பூராக் கருத்துக் கெடக்குதுங்க."

அவர் குரலில் கேலி இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் துறைத்தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அடுத்த கூட்டத்துக்கு நம்ம லேப் மதன்குமார் போகட்டும்மா, அவன் நல்லாப் பேசுவான். நீ லேப் வேலையப் பாரு."

"கண்டுபிடிச்சது நானுங்க சார். சொ... சொல்றதும் நானே சொல்லிக்கறேன்."

அந்தச் சனிக்கிழமை நுண்ணோக்கியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறினாள். பாலுசாமியின் ஊர்ப் பால் சொசைட்டியில், கேன்களுக்குப் பக்கத்து பெஞ்சில் அதை வைத்து, ஒரு தென்னங்கீற்றுத் துண்டை அடியில் செருகினாள். "பாருங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

பால் ஊற்ற வந்த மயிலாத்தாள்தான் முதலில் குனிந்தாள். "கருப்பா இருக்கறதுக்குள்ள என்னமோ அசையுதுங்க."

"அது கு... குளவிங்க. வெளிய வரப் போகுது."

ஈக்குஞ்சின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு குளவி தலை நீட்டியபோது பெஞ்சைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். ரூபினா திக்கிய இடங்களில் நின்றாள். கேட்டவர்களும் அவளுக்காக நின்றார்கள்.

"பாதித் தோப்ப மருந்தடிக்காம உட்டுப் பாக்கறேனுங்க," என்றார் பாலுசாமி. "போச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்."

"கேளுங்க. வாராவாரம் இங்கதான் வருவேன்."

கோடையில் அந்தப் பாதிதான் மோசமாகக் கருத்தது. சொசைட்டி வாசலில், எல்லோர் முன்னாலும், பாலுசாமி அவளைச் சத்தம் போட்டார். தன் ஆராய்ச்சியே தப்போ என்ற பயம் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவளை விடவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வந்தாள். வேறு தோப்பிலிருந்து, ஈக்குஞ்சுகளுக்குள் குளவி முட்டையிட்டிருந்த கீற்றுகளைக் கொண்டுவந்து மரங்களில் கட்டினாள். மயிலாத்தாள் ஹோஸ் பிடிக்க, கைக்கெட்டிய மட்டைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாள். பாலுசாமி வரப்பில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை.

மழைக்குப் பிறகு அந்தப் பாதியில் புதுக் குருத்துகள் பச்சையாக விரிந்தன. மருந்தடித்த பாதியில் ஈ மறுபடி அடையடையாக அப்பியிருந்தது. பாலுசாமி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு நாள் போன் மட்டும் செய்தார்.

"கொடுமுடியில என்ற மச்சான் தோப்புலயும் இதே சீக்குங்க. அந்த மிஷினத் தூக்கிட்டு வாரீங்களா?"

"வா... வாரேனுங்க."

மயிலாத்தாளின் பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் மருந்துதான் அடிக்கிறார். சனிக்கிழமை தோறும் ரூபினா அவரிடமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.