சுடுகாட்டு விலக்கில் ஒரு பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகத்தை வளர்ப்பவர்கள் பேராசிரியர்கள் என்று நம்புகிறவர்கள், அதன் கக்கூஸுக்கு ஒரு கோடைகாலம் தண்ணீர் ஏற்பாடு செய்து பார்த்ததில்லை. வளாக மேற்பார்வையாளர் என்ற பெயரில் சாவிக்கொத்தோடு அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எது ஓடவில்லையென்றாலும், எது ஒழுகினாலும், எது காணாமல் போனாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நன்றாக ஓடுகிற எதற்கும் நம்மைக் கூப்பிட்டதில்லை. அந்த அனுபவம் உள்ளவர்கள் எல்லாம் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. தானே இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு பல்கலைக்கழகம், கோவில்பட்டியில் ஓர் ஆராய்ச்சி வளாகம் தொடங்கியது. மானாவாரி நிலத்தைப் பற்றிப் பெருநகரத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஆராயக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் கூட்டத்தில் பேசிவிட்டாராம். தலைமையிடத்தில் பாதிப் பேருக்கு இதில் இஷ்டமில்லை. அதனால் மூன்று வருஷம் நடத்திப் பார்ப்பது, பிறகு ஒரு குழு வரும், குழு வேண்டாம் என்றால் மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். பேராசிரியர்களுக்குக் கவலையில்லை, மூட்டையோடு நகரத்துக்கே போய்விடுவார்கள். உள்ளூரில் சேர்த்த எங்களுக்குத்தான் அன்றோடு வேலை போகும். நானோ நூற்பு மில்லில் நிரந்தரமாக இருந்த வேலையை விட்டுவிட்டு, பல்கலைக்கழகம் என்ற சொல்லில் மயங்கி வந்தவன். அந்த வளாகம் நிலைக்க வேண்டும் என்று துணைவேந்தரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவன் நானாகத்தான் இருப்பேன்.

தீக்குச்சி கூடாது

முதல் வருஷம் எங்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஊருக்கு நடுவே, ஒரு தீப்பெட்டி முதலாளியின் பழைய குடோனை வாடகைக்குப் பிடித்திருந்தோம். கீழே நூலகம், மேலே வேதியியல் ஆய்வுக்கூடம். பக்கத்துக் கட்டடத்தில் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவார்கள். அந்த மணம் ஜன்னல் வழியாக வந்ததும் ஆராய்ச்சி மாணவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். அதைக்கூடச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது முதலாளி போட்ட ஒரே நிபந்தனைதான்: கட்டடத்துக்குள் நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது.

வேதியியல் பேராசிரியர் மிகவும் சாதுவான மனிதர். அவரே கொதித்துப் போய்விட்டார். அடுப்பு இல்லாமல் வேதியியல் எப்படி நடக்கும்? நானே போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் மாடியேறி வந்து, சுவரைத் தடவிப் பார்த்து, விரலை மோந்து பார்த்துவிட்டு, “தீக்குச்சி மருந்து இன்னும் சுவத்துல ஊறிக் கெடக்கு சார், முடியாது” என்றார். “தீப்பெட்டி முதலாளியே நெருப்புக்கு இப்படிப் பயப்படலாமா?” என்று பேராசிரியர் விடாமல் கேட்டார். அதற்கு முதலாளி அமைதியாகச் சொன்னார்:

“வாங்கிட்டுப் போறவியளுக்கு அது ஒரு குச்சி சார். எனக்கு அது குடோனுல்லா.”

மறுபடியும் படிப்பா?

எப்போதும்வென்றான் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஒரு ரோஜாப்பூ. பையன் தலையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. “பெரிய காலேஜு வந்திருக்காமே, இவனைச் சேத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றார். இங்கே கல்லூரிப் படிப்பு கிடையாது, எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் ஆராய்ச்சி செய்ய வரும் இடம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. வராந்தாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு, நெற்றி வழுக்கையோடு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரைக் காட்டி, “அப்ப இவரு வாத்தியார் இல்லையா?” என்றார். மாணவர்தான் என்றேன்.

அவர் அந்த மாணவரைக் கொஞ்ச நேரம் இரக்கத்தோடு பார்த்தார். தட்டிலிருந்த பழத்தில் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, போகும்போது என் காதருகே வந்து கேட்டார்:

“அப்ப மொதல்ல படிச்சது இவியளுக்குச் சரியா வரலையோ?”

மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று

இரண்டாம் வருஷம் ஊருக்கு வெளியே இடம் கிடைத்தது. சென்னையிலிருந்து வந்த வரைபடத்தின்படி, சென்னையிலிருந்து வந்த பொறியாளர் கட்டிக்கொடுத்தார். கட்டடம் என்னவோ பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. ஆனால் கரிசல் மண் யார் போட்ட வரைபடத்தையும் மதிக்காது. மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் பிளக்கும். கட்டடமும் கூடவே ஏறி இறங்கும். ஐப்பசியில் இயக்குநர் அறைக் கதவு நிலையில் சிக்கிக்கொண்டது. உள்ளே இயக்குநர். வெளியே தலைமையிடத்திலிருந்து வந்த டிரங்கால். கடைசியில் ஜன்னல் கம்பி வழியாகத் தொலைபேசியை நீட்டிப் பேச வைத்தோம். “எல்லாம் திறம்பட நடக்கிறது சார்” என்று உள்ளேயிருந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆசாரியைக் கூட்டிவந்து கதவை இழைத்தோம். சித்திரையில் அதே கதவுக்கும் நிலைக்கும் நடுவே பூனை போய்வருமளவுக்கு இடைவெளி. மறுபடியும் ஆசாரி, சட்டம் அடித்தார். அடுத்த ஐப்பசியில் மறுபடியும் இழைத்தார். இதற்கு நிரந்தரமாக ஒரு வழி சொல்லுங்கள் என்று இயக்குநர் எரிந்து விழுந்தபோது, ஆசாரி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டே சொன்னார்:

“மழைக்கு ஒரு கதவு, வெயிலுக்கு ஒரு கதவு செஞ்சு தந்துருதேன் சார், மாத்தி மாத்தி மாட்டிக்கிடுங்க.”

இறங்குமிடம்

புது வளாகத்துக்கு டவுன் பஸ் போகும். ஆனால் சுடுகாட்டுக்குப் பாதை பிரிவது அங்கேதான் என்பதால் அந்த நிறுத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: சுடுகாட்டு விலக்கு. “பல்கலைக்கழகம் ஒண்ணு” என்று சில்லறையை நீட்டினால் கண்டக்டர் விழிப்பார். பின்னாலிருந்து யாராவது “சுடுகாடுதாம்பா” என்று எடுத்துக்கொடுப்பார்கள். ஒருமுறை தலைமையிடத்திலிருந்து வயதான பேராசிரியர் ஒருவர் சொற்பொழிவாற்ற வந்தார். மூச்சுத் தொந்தரவு உள்ளவர். “சுடுகாடு எறங்குதவியள்லாம் முன்னால வாங்க! பெரியவரைப் பாத்து எறக்கி விடுங்க!” என்று கண்டக்டர் கூவியிருக்கிறார். வந்து சேர்ந்த மனிதர் ஒரு செம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார். அதுவும், திரும்பிப் போக வேறு வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

இயக்குநர் என்னைக் கண்டக்டரிடம் தூது அனுப்பினார். ‘ஆராய்ச்சி வளாகம்’ என்று கூப்பிடுங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். அவர் பைக்குள் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கியபடி யோசித்தார்.

“பேரை மாத்திக் கூப்பிடுததுல எனக்கு என்ன அண்ணாச்சி கஷ்டம்? நீங்க மூணு வருசத்துல போனாலும் போயிருவியளாமே. சுடுகாட்டுக்கு வந்தவிய யாரும் இதுவரைக்கும் திரும்பிப் போனதில்ல.”

இலவசக் கிடை

எங்கள் வளாகத்தில் குழுவுக்குக் காட்டுகிற மாதிரி முடிவை நெருங்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சி ஒன்றே ஒன்றுதான். மதுரைப் பெண் வசந்தாவுடையது. நிலத்தைப் பாத்தி பாத்தியாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வகை எரு போட்டுச் சோளம் விதைத்திருந்தாள். இரண்டு பாத்திகளுக்கு மட்டும் எதுவுமே போடவில்லை. மற்றவை எவ்வளவு தேறியிருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த இரண்டும் வேண்டும். தொடர்ந்து இரண்டு வெள்ளாமை பார்த்தால்தான் கணக்குச் செல்லும். முதல் வெள்ளாமை நல்லபடியாக முடிந்து, நிலம் கோடையில் சும்மா கிடந்தது.

வெள்ளாமைக் காலத்திலும் அந்த வழியாகப் போய்வருகிற சுடலைமுத்து என்ற புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர், அந்தக் கோடையில் மந்தையோடு வந்து தங்கினார். எங்கள் தொட்டியில் வழிகிற தண்ணீரை ஆடுகள் குடித்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டிருந்தேன். மனிதருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். பதிலுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கோடைக்குக் கிடை போடுவார்கள். வெறும் நிலத்தில் ராத்திரி முழுக்க ஆடுகளை மடக்கிப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் நல்ல உரம். சம்சாரிகள் கிடைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துக் கூலி கொடுத்துப் போடச் சொல்வார்கள். சுடலைமுத்து ஒரு பைசா வாங்காமல், யாரும் கேட்காமலே போட்டுவிட்டார். அதுவும் மற்ற பாத்திகளை விட்டுவிட்டு, எருவே போடாத அந்த இரண்டு பாத்திகளில் மட்டும்.

காலையில் வசந்தா வந்து பார்த்தாள். கறுப்பு மண் தெரியாமல் புழுக்கை. அப்படியே வரப்பில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். போனது அவள் ஒரு வருஷம் மட்டுமா, என் வேலையும்தானே. பக்கத்தில் நின்ற சுடலைமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “போன வெள்ளாமையில இந்த ரெண்டு பாத்தியும் நோஞ்சானா நின்னுச்சு தாயி, பாக்கப் பாவமா இருந்துச்சு. அதான்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வசந்தா பொறுமையாக விளக்கினாள். வேண்டுமென்றேதான் இதற்கு ஒன்றும் போடவில்லை, இது மெலிந்து நின்றால்தான் மற்றவை எருவால் கொழுத்தன என்று நிரூபிக்க முடியும் என்றாள். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ஒரு பிள்ளையப் பட்டினி போட்டாத்தான் மத்த பிள்ளைக சாப்பிட்டது தெரியுமாக்கும்?”

குழு வந்தது

இயக்குநருக்கு யோசனை ஒன்று தோன்றியது: கிடை போட்ட விஷயத்தைக் குழுவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம். வசந்தா முடியாது என்றாள். “பொய்யான பாத்தியைக் காட்டிப் பட்டம் வாங்கி நான் என்ன சார் செய்ய?” என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டாள். நிலத்தின் மறுகோடியில் புதிதாகப் பாத்தி வகுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். புரட்டாசியில் விதைத்து, தையில் அறுத்தாள். அறுத்துச் சில நாளில் குழு வந்துவிட்டது.

குழுத் தலைவர் சிரிக்கத் தெரியாதவர் மாதிரி இருந்தார். இயக்குநரின் நீண்ட விளக்கவுரையைக் கேட்டுவிட்டு, “முடிந்த ஆராய்ச்சி எது?” என்று ஒரே கேள்வி கேட்டார். வசந்தா எழுந்து, ஒன்றும் முடியவில்லை, இது புதுப் பாத்தியில் முதல் வெள்ளாமை என்று சொல்லி, ஆடு மடக்கிய கதையை ஒளிக்காமல் சொன்னாள். “வேலி இல்லையா?” என்றார் தலைவர். “கேட்டிருக்கோம் சார், தலைமையிடத்திலிருந்து இன்னும் அனுமதி வரலை” என்றேன் நான். அவர் முகம் இன்னும் இறுகியது. போச்சு, மில் வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நிலத்தைப் பார்க்கப் போனோம். எதிரே சுடலைமுத்து மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார். நிலம் நெருங்கியதும் கம்பை நீட்டி, “ஏலே, அங்கன போகாத, இப்படி வா” என்று ஆடுகளை அதட்டி, பாத்திகளை விட்டு விலகி வெளியே சுற்றிக்கொண்டு போனார். அறுத்த நிலத்தில் சோளத்தட்டையும் புல்லும் ஆடுகளுக்கென்றே கிடந்தன. தலைவருக்கு ஆச்சரியம். “பெரியவரே, அறுவடைதான் முடிந்துவிட்டதே, ஆட்டை உள்ளே விட்டால் என்ன?” என்று கூப்பிட்டுக் கேட்டார். சுடலைமுத்து பதறிப்போனார்.

“அய்யய்யோ, அதுல ரெண்டு பாத்தி விரதத்துல இருக்கு சாமி. அடுத்த வெள்ளாமை முடியுத மட்டும் ஒரு புழுக்கை விழப்படாது. எங்க கிடைக்காரவிய எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். விழுந்துச்சுன்னா எங்க ஊருப் படிப்புல்லா கெட்டுப்போகும்!”

தலைவர் வசந்தாவிடம் திரும்பி, “விரதம் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாயா?” என்று கேட்டார். “இல்லை சார், நான் கன்ட்ரோல் பாத்தின்னுதான் சொன்னேன். அது அவரே வச்ச பேரு” என்றாள். அந்த மனிதர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். சாயங்காலம் ரயிலேறும்போது என்னிடம், “ஊர்க்காரர்களே காவல் காக்கிற இடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நான் எங்கே வைக்க?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிளாட்பாரத்தில் தூசி என்று சமாளித்தேன்.

வளாகம் அங்கேயே நிலைத்தது, எங்கள் வேலையும் நிலைத்தது. வசந்தாவுக்கு மட்டும் யாரும் ஒரு வருஷத்தைத் திருப்பித் தரவில்லை. அவள் மறுபடியும் விதைத்து, மறுபடியும் அறுத்து, வளாகத்தின் முதல் முனைவராக வெளியேறினாள்.

எல்லாம் தம்முடைய விளக்கவுரையால்தான் நடந்தது என்று இயக்குநர் ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் மறுத்துப் பேசவில்லை, பல்கலைக்கழகத்தோடு சேர்த்து இயக்குநரையும் வளர்த்துவிடுவதுதானே மேற்பார்வையாளர் வேலை.