மழையில் இறக்க மறுத்த கேப்டன்

நான் அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன். ஆனாலும் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் ஏற்றும் பதினோரு லாரிக்கு முதலாளி. என் சொல்லை ஒரு டிரைவரும் மீறியதில்லை.

போன மழைக்காலத்தில் மும்பையிலிருந்து விமானத்தில் திருவனந்தபுரம் வந்தேன். மறுநாள் காலை அங்கே என் மனைவிக்கு இருதய ஆபரேஷன். நான் வந்து கையைப் பிடித்தால்தான் உள்ளே போவேன் என்றிருந்தாள். இறங்கப்போன விமானம் சட்டென்று மேலே ஏறியது. மழையில் ஓடுபாதை தெரியவில்லை, கொச்சிக்குப் போகிறோம் என்று கேப்டன் அறிவித்தார். "நான் யார் தெரியுமா? இங்கேயே இறக்கச் சொல்லு!" என்று பணிப்பெண்ணிடம் கத்தினேன்.

கொச்சியில் இறங்கும்போது கேப்டன் விமான வாசலில் நின்றார். என் மகள் வயசுப் பெண்.

"காலையில பெஞ்சாதிக்கு ஆபரேஷன், மக்ளே" என்றேன்.

"விமானத்தோட முதலாளியே சொன்னாலும் இறக்கியிருக்க மாட்டேன் சார். உங்களை அவங்ககிட்ட உயிரோட சேர்க்கணுமே" என்றார்.

டாக்ஸி பிடித்து ஆபரேஷனுக்கு முன்னே போய்ச் சேர்ந்தேன். நடந்ததைக் கேட்ட மனைவி என் கையைப் பிடித்தபடி, "மழையில வண்டிய நிறுத்தப்பிடாதுன்னு எத்தன டிரைவர வெரட்டியிருக்கிய? அவனுவளுக்கும் பெஞ்சாதி உண்டும்லா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

நல்லபடியாகத் திரும்பி வந்தாள். இப்போது மழையில் டிரைவர் போன் செய்தால், "வண்டி உன் கையில இருக்கு மக்கா. நிறுத்தணும்னா நிறுத்து" என்கிறேன். பக்கத்தில் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.