சமமானவர்களின் வரிசை

அடுத்த கணினி நிரல் வடகடல் தீவொன்றிலிருந்து வந்திருந்தது. மீன் ஏலத்துக்கானது. எடை அதிகமான கூடை முன்னால் நிற்கும். இரண்டு கூடைகள் ஒரே எடை என்றால், முதலில் கரை சேர்ந்த படகின் கூடை முன்னால் நிற்கும். பழைய மொழியில் ஓட்டினார்கள், சரியாக வந்தது. புதிய மொழியில் ஓட்டினார்கள். ஒரே எடைக் கூடைகள் இடம் மாறி நின்றன. திரையில் அந்த வரி சிவப்பானது.

சாதனா நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, பவானிபூர் சந்தில், பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் காணொளிக் கூட்டத்துக்குப் போகாதிருக்க மைக்கை அணைத்து வைத்திருந்தாள்.

அவள் அப்பா கொல்கத்தா துறைமுகத்தில் வேலை கிடைத்துத் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அம்மாவும் அவளும் இந்த வாடகை வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். வார நாட்களில் மெட்ரோவும் ஆட்டோவும் மாறி சால்ட் லேக் போவாள். அங்கே ஒரு கம்பெனியில் பிறர் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவது வேலை. சனிக்கிழமைகள் டிங்கிக்கு.

டிங்கி ஒரு நிரல்மொழி. கல்லூரியில் சாதனாவும் சில மாணவர்களும் விளையாட்டாகத் தொடங்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் விட்டது. சிறு படகின் பெயர். பிறகு அவர்களுக்குள் சண்டை வந்தது. ஒரு பிரிவு மொழியை நகலெடுத்து, வேகமாக்கி, பான்சி என்று இன்னொரு படகின் பெயர் வைத்தது. சாதனா டிங்கியில் தங்கினாள். கூடப் படித்த ராகவ் பான்சிக்குப் போனான். பிரியும்போது ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். டிங்கியில் வேண்டுமென்று செய்தது எதுவும் பான்சியில் மாறக்கூடாது. தற்செயலாக அமைந்ததை மாற்றலாம்.

ஒரு வழக்கத்தையும் இரு தரப்பும் விடவில்லை. இந்த மொழியில் எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் அனுப்பிவைக்கலாம். அவை சேரும் இடத்துக்குக் காட் என்று பெயர், ஆற்றங்கரைப் படித்துறையைச் சொல்வதுபோல. புதிய பதிப்பு வெளியாகுமுன் எல்லோரும் காணொளியில் கூடி, அந்த நிரல்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டுமுன் அது வந்த ஊரின் பெயரை உரக்க வாசிப்பார்கள்.

இந்த முறை வழக்கு, வரிசைப்படுத்தும் பகுதியைப் பற்றியது. டிங்கியில் அதை எழுதியவள் சாதனா. இரண்டாம் ஆண்டில், ஒரு மழைநாள் மதியம். அப்போது அவளுக்கு ஒரு முறைதான் தெரியும். அந்த முறையில் சமமானவை வந்த வரிசையிலேயே நிற்கும். அதை அவள் யோசித்ததில்லை. பான்சியின் முறை பலமடங்கு வேகமானது. அதில் சமமானவை எப்படி வேண்டுமானாலும் மாறி நிற்கும். கடைசியில் அவளைக் கேட்பார்கள், வேண்டுமென்று செய்தாயா என்று. ஆம் என்றால் பான்சி தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் சிவப்பான ஒவ்வொரு நிரலையும் அதை வைத்திருப்பவர்களே திருத்திக்கொள்ள வேண்டும். அவர்களில் பலருக்கு நிரல் எழுதவே தெரியாது. எழுதிக் கொடுத்தவர்கள் எங்கோ போயிருப்பார்கள்.

அம்மா சகுந்தலா டீயை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லதுக்கா இம்புட்டு பேரு? அலிப்பூர் கோர்ட்டுலகூட இப்படி உக்காத்தி வைக்கமாட்டாங்களே. யாரு கேக்கப் போறா?”

“ராகவ்.”

“நம்ம வீட்ல வந்து பொங்கல் தின்னுட்டுப் போவானே, அவனா?”

ஊர்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு மலைப் பள்ளி. ஒரே மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் முன்னால் சேர்ந்தவர் பெயர் முன்னால். பாலைவனத்தில் ஒரு கிணறு. ஒரே அளவு தண்ணீர் கேட்ட வீடுகளில் முதலில் கேட்ட வீடு முதலில். சிவப்பு. சிவப்பு. அந்த ஊர்களைச் சாதனா வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. மழைநாள் மதியத்தில் அவள் யோசிக்காமல் செய்த ஒன்றின்மேல் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். தரையில் நிற்பதுபோல நின்றார்கள். அது இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை. டீ ஆறியது.

“பவானிபூர், கொல்கத்தா” என்று வாசித்தார்கள்.

அவளுடைய சந்தில் பூஜை நடத்தும் கிளப். அனுப்பியவர் எதிர்வீட்டு சைதன்யா. அஷ்டமியன்று போடும் போக் என்ற பிரசாதச் சாப்பாட்டுக்கான பந்தி. வயதில் மூத்தவர்கள் முதலில். ஒரே வயது என்றால் முதலில் வந்தவர். போன வருடத்துப் பெயர்களைப் போட்டே அனுப்பியிருந்தார். டிங்கியில், அம்மாவின் வயதேயான மித்ரா மாஷிமா முன்னால், சகுந்தலா பின்னால். பான்சியில் சகுந்தலா முன்னால்.

அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். “அவ விடிஞ்சதும் வந்து நிக்கவ. நான் அவளுக்கு முன்னால உக்காந்தா அந்தக் கிச்சடி எனக்கு எறங்குமா ஏட்டி?”

போன வருடம் அந்தப் பந்தியில் சாதனாவும் உட்கார்ந்திருந்தாள். வரிசை எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியதேயில்லை.

ராகவ் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, ஆங்கிலத்தில், நிதானமாகக் கேட்டான். அவள் மைக்கைத் திறந்தாள். மூங்கில் விழும் சத்தம் எல்லோருடைய அறைக்குள்ளும் போனது. இல்லை என்றாள். தனக்கு அந்த ஒரு முறைதான் தெரிந்திருந்தது என்றாள்.

பிறகு பான்சிக்கு அனுமதி என்று குறித்துக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

ராகவ் உடனே போனில் வந்தான்.

“ஆமான்னு சொல்லியிருக்கலாமே. நான் மேல கேட்டிருக்கமாட்டேன்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“அடுத்த தடவை உன்கிட்ட ஏதாவது கேப்பாங்க. நீ சொல்றதை நான் நம்பணும்ல?”

அவள் அந்தக் கிணற்றைப் பார்த்தானா என்று கேட்டாள். பார்த்தேன் என்றான். இருவரும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிறு. சாதனா காலையில் பஜாருக்குப் போய் மீனும் கறிவேப்பிலையும் வாங்கிவந்தாள். கிளப் நிரலைத் திறந்து, வயது ஒன்றாக இருந்தால் வந்த நேரத்தைப் பார் என்று ஒரு வரி சேர்த்தாள். பான்சியில் ஓட்டினாள். மித்ரா மாஷிமா முன்னால் வந்தார். சைதன்யாவுக்கு அனுப்பினாள். தீவின் நிரலைத் திறந்தாள். ராகவ் அதை ஏற்கெனவே திருத்தியிருந்தான். மலைப் பள்ளியின் நிரலைத் திறந்தாள். பிள்ளைகளின் பெயர்கள் அவளுக்குத் தெரியாத எழுத்தில் இருந்தன. வரியைச் சேர்த்தாள். மதியம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு வந்து கிணற்றைத் திறந்தாள்.