உளவாளிக்குக் கைதட்டியவர்கள்

ஞாயிறு மத்தியானச் சோறு செமித்தும் செமிக்காத நேரத்தில் என் மகள் ஒரு பழைய உளவுத் தொடரைப் போட்டாள். சாம்பல் மேலங்கி, சாம்பல் மழை, சாம்பல் பெர்லின். ஜெர்மனியில், எசன் நகரத்தில், எங்கள் வரவேற்பறைச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் திரையில் அந்தச் சாம்பலுக்கும் ஒரு மினுக்கம் வந்திருந்தது. மஞ்சள் ஓடு பதித்த ரயில் நிலையம். கண்ணாடிக் கூண்டுக்குள் எல்லைக் காவலாளி. உளவாளி பொய்க் கடவுச்சீட்டை நீட்டுகிறான். காவலாளி படத்தைப் பார்க்கிறான், முகத்தைப் பார்க்கிறான், மறுபடி படத்தை.

"சரியான லங்வைலிக் அம்மா, ஒண்டும் நடக்குதில்லை" என்று பாதி ஜெர்மனில் அலுத்துக்கொண்டு மகள் அந்த இடத்தைத் தாண்டி ஓடவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! ரிமோட்டைப் பறித்தேன். அவசரத்தில் எதையோ அமுக்க, உளவாளி பிரெஞ்சு பேசத் தொடங்கினான். கணவர் சிரித்தார். "படம்தானே, விடுமன்."

படம்தான். அந்த மஞ்சள் ஓட்டுக்கு ஒரு வாசம் உண்டு, அது படத்தில் வராது. ஈரக் கம்பளியும் கழுவிய தரையும் பயந்தவர்களின் வியர்வையும் கலந்த வாசம். பன்னிரண்டு வயதில், இலங்கைச் சண்டைக்குத் தப்பி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியொரு நிலையத்தின் வழியாகத்தான் கிழக்கு பெர்லினிலிருந்து மேற்குக்கு வந்தேன்.

பிறகு எங்களைக் கொண்டுபோய் விட்ட அகதிகள் விடுதியில், ஹைம் என்போம், பொது அறையில் யாரோ கழித்துக் கொடுத்த தொலைக்காட்சி ஒன்று இருந்தது. அன்டனாவுக்குப் பதில் சட்டை மாட்டும் கம்பி. வெங்காயம் பொரிகிற மணத்துக்குள்ளும் காயாத ஜாக்கெட்டுகளின் மணத்துக்குள்ளும் நெருக்கியடித்து உட்கார்ந்து உளவுத் தொடர் பார்ப்போம். பெரியவர்கள் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. பொய்ப் பெயரும் உண்மையான பயமும் விளங்க எங்களுக்கு ஜெர்மன் எதற்கு?

எங்கள் விளக்கவுரையாளர் சிவமண்ணை. வேறொருவனின் கடவுச்சீட்டில், அந்த ஆளின் மீசையைத் தானும் வளர்த்துக்கொண்டு வந்து சேர்ந்த இளைஞர். திரையில் உளவாளி கை நீட்டியதும் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்.

"பிழை! பிழை! அடேய், கையில வைச்சு நீட்டாதை, நடுக்கம் தெரியும். மேசையில வைச்சிட்டுப் பைக்குள்ள எதையாவது தேடு!"

"உமக்குத்தான் அவன்ரை வேலையைக் குடுக்கோணும் சிவம்" என்பார் அப்பா.

"எனக்கு ஏலாதண்ணை. அவன் பிடிபட்டா ஆளுக்கு ஆள் குடுத்து மாத்தி எடுக்க ஒரு அரசாங்கம் இருக்கு. எனக்கு ஆர் இருக்கினம்?"

உளவாளி தப்பியதும் அறையே கைதட்டும். சிவமண்ணை மட்டும் தட்டமாட்டார். "பொறுங்கோ, இன்னும் முடியேல்லை."

தொடர் முடிய, அதே பெட்டியில் செய்தி. வரிசையில் நிற்கும் எங்களைக் காட்டி, ஏமாற்றிக்கொண்டு வருகிறார்கள் என்பார் கழுத்துப்பட்டி கட்டிய அரசியல்வாதி ஒருவர். பள்ளிக்கூடத்தில் பொறுக்கிய ஜெர்மனில் அது எனக்கு மட்டும் விளங்கித் தொலைக்கும். நீங்களே சொல்லுங்கள். பொய்க் கடவுச்சீட்டோடு ஒருவன் எல்லை தாண்டினால் நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனுக்காக வேண்டுகிறது. உயிரைக் காப்பாற்ற இன்னொருவன் தாண்டினால் அவன் கள்ளன். நல்ல மேலங்கி இல்லாததுதான் அவன் குற்றமா?

சிவமண்ணையின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். ஒரு காலை நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, பொலிஸ்காரர் இருவர் பொது அறைக்கு வந்து அவருடைய அடையாளக் கடதாசியைக் கேட்டார்கள். அவர் அதைக் கையில் நீட்டவில்லை. மேசையில் வைத்தார். வைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். தேடிக்கொண்டே இருந்தார். "வாறன் அண்ணை" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். வரவில்லை. கொழும்பு விமான நிலையத்தில் இறக்கினார்களாம். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மகளின் கைபேசி மினுங்கியது. அகதிகளைத் திருப்பி அனுப்புவதை இன்னும் விரைவாக்க வேண்டும் என்று யாரோ பேசிய செய்தி. கழுத்துப்பட்டி அதேதான், கழுத்துத்தான் புதிது. அதையும் விரலால் தள்ளிவிட்டாள்.

"படத்தைத் திருப்பிப் போடு" என்றேன். என் குரலைக் கேட்டு மறுபேச்சில்லாமல் போட்டாள். உளவாளி கையை நீட்டினான்.

"பிழை! மேசையில வை!"

"கத்தாதேங்கோ அம்மா, அவனுக்குக் கேக்காது."

அந்த எல்லை இப்போது இல்லை. காவலாளியின் கூண்டு இல்லை. ஹைம் இருந்த இடத்தில் சூப்பர்மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். திரையைப் பார்த்துச் சண்டை பிடிக்க ஒரு அறை ஆட்களும் இல்லை.

காவலாளி கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தான். உளவாளி மேற்குக்கு நடந்தான். என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, கணவரும் மகளும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை.