மான் வாலும் கோயில் சாமரமும்

இல்லை, மஸ்கி இஞ்சை இல்லை. தேம்ஸில மட்டுமில்லை, இந்த நாட்டில ஒரு குளத்திலயும் இல்லை. அது கனடா, அமெரிக்கா ஏரியளில இருக்கிற மீன். நிமித்தி வைச்சா என்ர நெஞ்சளவுக்கு வரும், வாய் முழுக்கப் பல்லு, தலை முழுக்கக் கனம். ஆயிரம் தரம் எறிஞ்சா ஒருக்கா இரைக்குப் பின்னால வந்து, வடிவாப் பாத்திட்டு, வேண்டாமெண்டு திரும்பிப் போகும். லண்டன் பிளேஸ்டோவில தூண்டில் சாமான் கடை வைச்சுக்கொண்டு, இந்த நாட்டில இல்லாத மீனுக்கு மான் வால் மயிரில இரை கட்டி விக்கிறதுதான் என்ர தொழில்.

ஆர் வாங்கிறதெண்டுதானே அடுத்த கேள்வி? இஞ்சத்தை ஆறுகளில மஸ்கிக்குச் சின்ன மச்சான் ஒருத்தன் இருக்கிறான், பைக் எண்டு பேர். அவனுக்கும் உதுதான் பிடிக்கும். சாமான் பெரிசா ஒண்டுமில்லை. ஒரு கம்பி, அதில சுழலுற பித்தளைத் தகடு, கடைசியில மூண்டு நுனி உள்ள முள்ளு, முள்ளை மறைச்சுக் கட்டின மயிர். பக்டெயில் எண்டு சொல்லுவினம். இந்தியாத் தமிழ் ஆக்கள் வந்தா நான் 'முடி' எண்டு சொல்லுறன். மயிர் எண்டா அவையின்ர முகம் ஒரு மாதிரிப் போகும். நீங்களும் எங்கையாவது கவுண்டருக்குப் பின்னால நிண்ட ஆளெண்டா உங்களுக்கு விளங்கும்: சாமானை விக்கிறது சுகம், அது என்னத்துக்கெண்டு விளங்கப்படுத்திறதுதான் சீவன் போற வேலை.

கேக்கோ, தூண்டிலோ

வந்த புதுசில பகல் பெற்றோல் ஸ்டேசனில வேலை, பின்னேரம் காலேஜ். இங்கிலீஸ் முடிச்சன், கணக்கு முடிச்சன். அடுத்தது எலக்ட்ரிக்கல் வேலை படிப்பம் எண்டு போனா வகுப்பு நிரம்பிட்டுது. செவ்வாய்க்கிழமையில மிச்சம் இருந்தது ரெண்டே ரெண்டு: கேக்குக்கு ஐசிங் போடுறது, தூண்டிலுக்கு இறகும் மயிரும் கட்டுறது. சும்மா வீட்டை போனா இன்னொரு ஷிப்ட் தந்திடுவாங்கள் எண்ட பயத்தில தூண்டிலுக்குப் பேரைக் குடுத்தன்.

போன முதல் நாளே என்ர விரலுக்கு அந்த வேலை பிடிச்சுப்போச்சு. நூலை இறுக்கிற நேரம் ஒருத்தரும் என்னட்டை ஒரு கேள்வியும் கேக்கிறேல்லை. அந்த வருசங்களில எனக்கு அது பெரிய காரியம். பேர் பதிஞ்ச வெள்ளைக்காரப் பொம்பிளை காசோலையை வாங்கி வைச்சிட்டுச் சொன்னது இன்னும் நினைவிருக்கு: "ரெண்டு வகுப்பும் ஒரே அறைதான். ஐசிங்கில மயிர் விழாமப் பாத்துக்கொள்ளுங்கோ, மற்றப்படி பிரச்சினை இல்லை."

தோசை மாவுக்குப் பக்கத்தில

மான் வால் முழு வாலாத்தான் வரும். எலும்பெடுத்துக் காயவைச்சது. அதுக்குள்ள அந்துப்பூச்சி முட்டை ஒண்டு இருந்தாக் காணும், மயிர் வைக்கிற மேசை லாச்சி முழுக்க அரிச்சுத் தூளாக்கிப்போடும். அதால வாற மயிர் எல்லாத்தையும் ரெண்டு கிழமை பிறீசரில போட்டு எடுக்கவேணும். முதல் வருசம் கடையில பிறீசர் இல்லை. வீட்டுப் பிறீசரில வைச்சன், என்ர மனிசி ராஜிக்குச் சொல்லாமல்.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை, ராஜி விரதம். தேங்காய்ப்பூ எடுக்கப் பிறீசரைத் திறந்தா, பையுக்குள்ள பன்ரெண்டு வால். ராஜி ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவ, லேசில சத்தம் போடமாட்டா. வால் பையை என்ர சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில கொண்டுவந்து வைச்சிட்டு ஆறுதலாச் சொன்னா: "மீனுக்குப் பக்கத்தில வைச்சிருந்தாலும் பரவாயில்லை, தோசை மாவுக்குப் பக்கத்தில வைக்கேலாது. தனிப் பிறீசர் வாங்குங்கோ. இல்லாட்டித் தனி வீடு வாங்குங்கோ."

பிறீசர்தான் மலிவு. கடைக்குப் பின்னால ஒண்டு வாங்கி வைச்சன்.

பிடிச்சு விடுறது

குணம் அண்ணை கோயில் கமிட்டி. ரிட்டயர் ஆனதில இருந்து காலமை பதினொரு மணிக்கு என்ர கடைக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். பத்து வருசத்தில ஒரு தூண்டில் முள்ளும் வாங்கினதில்லை. ஒருநாள் லீ ஆத்தில நான் பிடிச்ச பைக்கின்ர படத்தைக் காட்டினன். கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்தார்.

"குழம்போ, பொரியலோ?"

"திருப்பி விட்டிட்டன் அண்ணை. இஞ்சை அதுதான் முறை. பிடிச்சு, படமெடுத்து, கெதியா விட்டிடவேணும்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சார். எவ்வளவு நேரம் நிண்டனீர் எண்டு கேட்டார். அஞ்சு மணித்தியாலம் எண்டன். மழையோ எண்டார். ஓம் எண்டன். கொஞ்ச நேரம் என்னைப் பாத்தார், பேந்து படத்தில இருந்த மீனைப் பாத்தார். "தம்பி, கடைசியில விடத்தான் போறீரெண்டா, முதல்லயே பிடியாம விட்டிருக்கலாமே. உமக்கும் நேரம் மிச்சம், அதுக்கும் நேரம் மிச்சம்."

டெரிக்கின்ர ஒரு கிழமை

டெரிக் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஆள். வாடிக்கைக்காரர். அவற்ற இங்கிலீசை எங்கட தமிழில தாறன், அந்தாளுக்குத் தெரிய வராது. சின்ன வயசில ஆரோ குடுத்த பழைய புத்தகத்தில மஸ்கின்ர படத்தைப் பாத்ததில இருந்து அவருக்கு அந்தப் பைத்தியம். போன கோடையில வந்து கவுண்டரில ரெண்டு கையையும் ஊண்டிக்கொண்டு, கனடாவில ஒரு ஏரியில ஒரு கிழமைக்கு வள்ளமும் ஆளும் பிடிச்சிட்டன் எண்டார். செப்டம்பரில பயணம். வந்த உடனை இடுப்பு ஒப்பரேசன்; அதுக்குப் பிறகு நாள் முழுக்க வள்ளத்தில நிண்டு எறியேலாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.

மூண்டு இரை கேட்டார். கறுப்பு, மண்ணிறம், வெள்ளை. மூண்டும் உண்மையான மயிர். நான் மயிருக்குப் பதிலா மினுக்கு நாடாவைக் காட்டினன். பல்லுக்குத் தாங்கும், மலிவு. வேண்டாமெண்டார். அவர் சொல்லுறது சரிதான். நாடா இழுக்கேக்க மினுங்கும், நிப்பாட்டினாச் செத்துப்போகும். மயிர் நிண்டாலும் மூச்சு விடும். மஸ்கி கனநேரம் வள்ளத்தடி வரைக்கும் பின்னால வந்துதான் யோசிக்கும். அந்த நேரம் தடி நுனியைத் தண்ணிக்குள்ள விட்டு எட்டு எண்ட இலக்கம் எழுதிற மாதிரி வளைக்கவேணும். அந்த எட்டுக்குள்ளதான் எல்லாம் முடிவாகும், அந்த எட்டுக்குத்தான் மயிர்.

"இடுப்புக்கு இன்னொரு வருசம் இல்லை, சிவா," எண்டார் டெரிக். "வடிவாக் கட்டு."

புழு இருக்கிற கடை

டெரிக் இரை கேட்ட அதே மாதம் குணம் அண்ணை ஒரு பட்டுத் துணிச் சுத்தலோட வந்தார். உள்ளுக்குக் கோயில் சாமரம். வெள்ளிப் பிடி, கவரிமா எண்ட இமயமலை மாட்டின்ர வால் மயிர், நல்ல வெள்ளை. ஆனா பூசை நேரம் ஐயர் வீச வீச மயிர் கொட்டுது. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கு. "மயிர் கட்டத் தெரிஞ்ச சைவ சமயக்காரன் லண்டனில நீர் ஒருத்தர்தான்," எண்டார். "ஆனா இஞ்சை வைச்சுக் கட்டக்கூடாது. கடையில புழு இருக்கு."

புழு இருக்கிறது உண்மைதான், விக்கிறதே அதைத்தானே. முழுகிப்போட்டு, கட்டிற சாமானைக் கவ்விப் பிடிக்கிற என்ர சின்ன வைஸையும் நூலையும் கொண்டுபோய்க் கோயில் பின்னறையில இருந்து ரெண்டு பின்னேரம் கட்டினன். முறிஞ்சு கட்டையாப் போன பழைய மயிர் ஒரு கைப்பிடி மிஞ்சினது. அதை எறியக்கூடாது, ஓடுற தண்ணியில விடவேணும் எண்டு குணம் அண்ணை சொன்னார். சரியெண்டு ஒரு பையில போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தன். பழைய மயிர், பூச்சி இருக்குமெண்டு பிறீசரில வைச்சன். பையில பேர் எழுதேல்லை. உங்களுக்கு இப்பவே விளங்கியிருக்கும், எனக்குத்தான் விளங்கேல்லை.

திருவிழாவண்டு ஐயர் சாமரத்தை ஒருக்கா வீசிப் பாத்திட்டு என்னைத் திரும்பிப் பாத்தார். "முந்தி சுவாமிக்கு மயிர்தான் விழுந்தது. இப்பதான் காத்து வருது."

கெட்டித்தனம்

டெரிக்கின்ர கறுப்பையும் மண்ணிறத்தையும் கட்டி முடிச்சிட்டு, வெள்ளைக்கு, முந்தியே வாலில இருந்து வெட்டிப் பையில போட்டு வைச்ச மயிரை எடுக்கப் பிறீசரைத் திறந்தன். கையில வந்த பையுக்குள்ள பட்டு மாதிரி மயிர். இந்தமுறை நல்ல மான் கிடைச்சிருக்கு எண்டு சந்தோசப்பட்டுக்கொண்டு கட்டினன். என்ர சீவியத்தில அப்பிடி ஒரு இரை நான் கட்டினதில்லை. தண்ணித் தொட்டியில ஆட்டிப் பாக்கேக்க எனக்கே கடிக்கவேணும் போல இருந்தது.

டெரிக் பிளேன் ஏறி ரெண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாமர மயிரெண்டு நினைச்சு மற்றப் பையை எடுத்துக்கொண்டு லீ ஆத்தடிக்குப் போனன். தண்ணியில விடக் கையில எடுத்தா, தடிச்ச மயிர், அடியில சுருண்டிருக்கு. மான். அதைத் திருப்பிப் பையில போட்டன். கவரிமா மயிர் மான் மயிர் மாதிரி மிதக்காது, தாழும். அது ஏரியில என்ன செய்யுமெண்டு நான் சோதிச்சதில்லை. ஒரு மனிசன் அறுபது வருசமா நினைச்ச ஒரு கிழமை, என்ர பிழையோட போய்க் கனடாவில நிக்குது. போன் எடுத்தன், ஏரிப் பக்கம் லைன் இல்லை. மற்றப் பக்கம், சுவாமிக்கு வீசின மயிரை மீன் முள்ளில கட்டி அனுப்பியிருக்கிறன்.

வீட்டை போய் ராஜிக்கு எல்லாத்தையும் சொன்னன். உடுப்பு மடிச்சுக்கொண்டு கேட்டா. "ஒருத்தருக்குப் பிழை விட்டா மன்னிப்புக் கேக்கலாம். ஒரே கொத்து மயிரில டெரிக்குக்கும் சுவாமிக்கும் சேத்து விட்டிருக்கிறியள். அதுக்கு ஒரு கெட்டித்தனம் வேணும்."

அஞ்சாம் நாள்

கனடாவால திரும்பி, ஒப்பரேசனுக்கு முதல், டெரிக் பொல்லூண்டிக்கொண்டு கடைக்கு வந்தார். முகத்தைப் பாத்து ஒண்டும் கண்டுபிடிக்கேலாது, பஸ் ஓட்டின முகம். ஸ்டூலைப் போட்டுக் குடுத்தன். நாலு நாள் கறுப்பை எறிஞ்சாராம். ஒரு மீனும் எட்டிப் பாக்கேல்லை. அஞ்சாம் நாள் காலமை மண்ணிறம் தண்ணிக்குள்ள கிடந்த மரத்தில மாட்டி அறுந்துபோச்சு. மிச்சம் வெள்ளைதான். மத்தியானம் காத்து எழும்பி, வள்ளம் ஆடுது, இடுப்புக் கொதிக்குது, கூட வந்த ஆள் கரைக்குப் போவம் எண்டிட்டான். கடைசியா ஒருக்கா எறிஞ்சு இழுத்து, வள்ளத்தடியில எட்டுப் போடேக்க, அடியில இருந்து ஒரு நிழல் எழும்பிச்சுதாம்.

"மற்ற ரெண்டும் நீந்தினதுகள், சிவா. வெள்ளை யோசிச்சது." ரெண்டாவது எட்டில வாயைத் திறந்ததாம்.

படத்தைக் காட்டினார். ரெண்டு கையாலும் தாங்கிப் பிடிச்சிருக்கிறார், கண்ணாடி கோணிப்போய். விட்டிட்டாராம், தான் பாத்துக்கொண்டு நிக்க அது ஆறுதலாப் போச்சுதாம். இரையையும் கவுண்டரில வைச்சார். பாதி மயிரைக் காணேல்லை. அப்பதான் நான் உண்மையைச் சொன்னன். சாமரம், கோயில், பிறீசர், பை, எல்லாம். டெரிக் இரையைத் திருப்பிக் கையில எடுத்தார். "கடவுளுக்கு வீசினதெண்டு முதல்லயே சொல்லியிருந்தா," எண்டார், "நாலு நாள் கறுப்போட மினக்கெட்டிருக்கமாட்டன்."

மிச்சப் பாதி

குணம் அண்ணைக்கு இண்டைக்குக் காலமைதான் சொன்னன். டெரிக்கும் கடையில நிண்டார், அது எனக்கு ஒரு துணை. அண்ணையின்ர முகம் சிவந்திட்டுது. தேத்தண்ணி தொடேல்லை. கமிட்டிக்கு என்னத்தைச் சொல்லுறது எண்டார். பேந்து இரையைக் கையில எடுத்து, கண்ணாடியைப் போட்டு, பாதி மயிர் எங்கை எண்டு கேட்டார்.

"ஏரியில, அண்ணை."

"ஏரி ஓடுற தண்ணியோ?"

டெரிக்கிட்டைக் கேட்டன். ஒரு பக்கத்தால ஆறு வந்து மற்றப் பக்கத்தால போகுதாம். அண்ணை யோசிச்சார். அப்ப அந்தப் பாதி சரி எண்டார். மிச்சப் பாதி? டெரிக் அதைக் கண்ணாடிப் பெட்டியில போட்டுச் சுவரில கொழுவப் போறாராம். அது சுவாமின்ர, சுவரில தொங்கேலாது எண்டார் அண்ணை. என்ர மீன் கடிச்சது எண்டார் டெரிக். நான் நடுவில நிண்டு அங்கையும் இஞ்சையும் மொழிபெயர்த்தன். காலேஜில படிச்ச இங்கிலீஸ் இண்டைக்கு மாதிரி ஒருநாளும் உதவேல்லை. கடைசியா ஒரு முடிவுக்கு வந்தினம்: கம்பியும் தகடும் டெரிக்குக்கு, மயிர் சுவாமிக்கு. ரெண்டு பேருமாப் போய், மயிர் முழுக்க உதிரும் வரைக்கும் லீ ஆத்தில எறிஞ்சு இழுக்கிறது.

"ஆனா முள்ளு இருக்கக்கூடாது," எண்டார் அண்ணை.

டெரிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டுது. முள்ளில்லாம எறியிறதோ?

"எப்பிடியும் திருப்பி விடத்தானே போறார்? பிறகு முள்ளென்னத்துக்கு? கேளும் தம்பி."

கேட்டன். டெரிக் இரையைப் பாத்தார், அண்ணையைப் பாத்தார், கம்பி வெட்டுற குறட்டால மூண்டு நுனியையும் தானே நறுக்கினார். "என்ர மனிசி முப்பது வருசமா உந்தக் கேள்வியைத்தான் கேக்கிறா. அவவிட்டை மட்டும் சொல்லிப்போடாதை."

அந்தா, ஹோர்ன் அடிக்குது. டெரிக்கின்ர கார்தான். குணம் அண்ணை முன் சீட்டில, தடி ஜன்னலால வெளிய நீட்டிக்கொண்டு நிக்குது. பத்து வருசத்தில முதல் தரம் அவற்ற கையில ஒரு தூண்டில் தடி.

"தம்பி, கடையைப் பூட்டிப்போட்டு வாரும்! பொழுதுபட்டா மீன் போயிடுமாம், இந்தாள் சொல்லுறார்!"

"ஓம் அண்ணை, வாறன்."

இல்லாத மீனுக்கு இரை கட்டிப் பிழைச்சவன், இப்ப இருக்கிற மீனுக்கு முள்ளில்லாத இரையோட வெளிக்கிடுறன். இவ்வளவு காலமும் இந்தத் தொழிலில நான் படிச்சது இதுதான்: முதல்லயே பிடியாம விடுறது.